திட்டக்கூட ஆளில்லாதவள்

அவளை ஊர் உலகமெல்லாம் கொண்டாடியபோது எனக்குப் பொறாமை வந்தது. மனுஷிக்கு வருவதுதான் அது. ஆனால் முகம் தெரியாத ஆட்கள் அவளைத் திட்டத் தொடங்கியபோது அந்தப் பொறாமை இரண்டு மடங்கானது. இது எந்த ஊர் நியாயம் என்று கேட்காதீர்கள். நடந்ததை மட்டும்தான் சொல்ல முடியும்.

கேரளத்து மலையில், தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட். ஒரே லயத்தில் எனக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த வீடு. லயம் என்றால் ஒரு நீளக் கூரைக்குக் கீழே ஆறு குடும்பம். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அவள் வீட்டில் மிளகாய் தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும். சக்குபள்ளத்தில் ஏலக்காட்டு வேலைக்காரக் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் புருஷன் என் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவான், அதனால் நான் அவளுக்கு மதினி. கொழுந்து எடுப்பதும் ஒரே கூட்டத்தில், பக்கத்துப் பக்கத்துச் செடி வரிசையில், நிரை என்போம். என் நிரை முடியாமல் இழுத்தால் அவள் கத்திரியோடு இந்தப் பக்கம் வந்து நாலு செடியில் கொழுந்து வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். சொல்லிக் காட்டவும் மாட்டாள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ போட ஆரம்பித்தது நான்தான்.

நான் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவள். லயத்தில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்தத் திமிரில், நல்ல தமிழில் நாலு நல்ல விஷயம் சொல்லலாம் என்று ஒரு பக்கம் தொடங்கினேன். தேயிலையின் மருத்துவப் பயன்கள், மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம், இப்படி. புடவை மாற்றி, பவுடர் போட்டு, எழுதி வைத்துக்கொண்டு படிப்பேன். போனைப் பிடிப்பது அவள். நாற்பது பேர் பார்ப்பார்கள். அதில் பத்துப் பேர் என் சொந்தக்காரர்கள்.

ஒருநாள் தேயிலைக் காட்டில் வேலை முடியும் நேரம் அவள் தன் போனை என் கையில் கொடுத்தாள்.

"மதினி, என்னையும் ஒண்ணு எடுங்க. எங்கம்மாவுக்கு அனுப்பணும்."

அட்டை ஏறாமல் இருக்கக் காலுறைக்கு மேல் சோப்புத் தேய்ப்பதைக் காட்டினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு அட்டை அவள் கழுத்தில் ஊர்ந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுதி வைத்துப் படிக்கவில்லை, பவுடரும் இல்லை. தலையில் மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் தாள், இடுப்பில் சாக்கு. 'சும்மா ஒரு பக்கம் தொறந்து அதுல போட்டுவிடுறேன், உங்கம்மா எப்ப வேணாலும் பாக்கட்டும்' என்று நான்தான் எல்லாம் செய்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். எடுத்தவள் நான் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் எதைப் போட்டாலும் ஓடியது. காந்தலூருக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் ஜீப்பை நிறுத்தி, 'அந்தச் சிரிக்கிற அக்கா எங்கே' என்று கேட்பார்கள். கேட்பது என்னிடம். நானும் கையை நீட்டிக் காட்டுவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதுபோல என் வீடியோ ஓடாததற்கு போன் சிக்னல், இங்கே ரேஞ்ச் என்போம், அது சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். ரேஞ்ச் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் வரும். அங்கே நாங்கள் தோளோடு தோள் நிற்போம். அவள் போன் நிற்காமல் டிங் டிங் என்று அடிக்கும். என் போனில் சார்ஜ் குறைவு என்று மட்டும் வரும்.

இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தேன். பொறாமைக்காரிக்குக் கண் கூர்மை. காட்டில் அவள் வாயைப் பொத்திச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. தலையைப் பின்னால் தள்ளி, கடைவாய்ப் பல் தெரியச் சிரிப்பாள், மூன்று நிரைக்கு அப்பால் கேட்கும். முதல் வீடியோவில் வெட்கத்தில் கை வாய்க்குப் போனது. ஜனங்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. பிறகு போனை எடுத்தாலே கை தானாக வாய்க்குப் போனது.

மழை தொடங்கின சமயம் திட்டு ஆரம்பமானது. மலையாளத்தில் எழுதினவர்கள் தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற பேரைச் சொல்லி, 'பாண்டிக்காரி, மலையிறங்கிப் போ' என்றார்கள். தமிழில் எழுதினவர்கள் 'இதெல்லாம் ஒரு தமிழா, மலையாளத்திலேயே பேசு' என்றார்கள். எந்தப் பக்கமும் ஏற்றுக்கொள்ளாத ஜனம் நாங்கள், அது புதிதில்லை. ஆனால் பிறகு நிறம், பல், உடம்பு என்று போனார்கள். எழுதக் கை கூசுகிற வார்த்தைகள். எவனோ ஒருவன் அவள் முகத்தை வேறொருத்தி உடம்பில் ஒட்டிப் படம் போட்டான். அது சுற்றிச் சுற்றி அவள் புருஷன் போனுக்கே வந்தது. நல்ல மனுஷன்தான், ஆனால் மனுஷன்தானே. நடுச்சுவருக்கு மேலே எனக்கு எல்லாம் கேட்டது.

"ஒரு மாசம் பாக்குறேன். நிக்கலன்னா எல்லாத்தையும் மூடிரு."

அவளுக்கு மூட மனசில்லை. மறுநாள் நிரையில் என்னிடம் சொன்னாள். "இங்க நான் வெறும் நம்பருதான மதினி. இலை நிறுக்கும்போது நம்பரச் சொல்லித்தான கூப்பிடுதாங்க. அதுலதான் என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுதாங்க. அத எப்படி மூட?"

விஷயம் தெரிந்து லயமே அவள் வீட்டுக்கு வந்தது. சர்ச் அம்மாமார் வந்து ஜெபம் பண்ணினார்கள். அம்மன் கோயில் பூசாரி திருநீறு கொடுத்தனுப்பினார். யூனியன்காரர்கள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சூப்பர்வைசர் கூட 'மேலு சரியில்லன்னா சீக்கிரம் போம்மா' என்றார். அந்த மனுஷன் என் காய்ச்சலுக்கு ஒரு மணி நேரம் விட்டவரில்லை. காய்ச்சலில் நாலு நாள் நான் கிடந்தபோது என் வீட்டுப் படியேறி ஒருத்தரும் வரவில்லை. கஞ்சி கொண்டுவந்தது அவள் மட்டும்தான். அது ஞாபகம் வந்தும் என் வயிறு எரிவது நிற்கவில்லை.

மேட்டில் ஏறி என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு கெட்ட வார்த்தையாவது இருக்கிறதா என்று தேடினேன். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் 'அருமை சகோதரி' என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். என்னைத் திட்டக்கூட ஆளில்லை.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் ஆபீசுக்குத் தனியாகப் போவதில்லை. ஒரு வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று போய் நின்றால், 'ஒரு வீட்டுக்காக ஆள் அனுப்ப முடியாது' என்பார்கள். அதனால் ஒருத்தி கூரை ஒழுகினால் ஐந்து பேர் போவோம். 'எனக்கும்தான் ஒழுகுது' என்று ஐந்து பேரும் சொல்வோம். மனுவில் ஐந்து பெயரையும் எழுதுவது நான். ஒரு தடவை பார்வையிட வந்துவிட்டார்கள். என் வீடு காய்ந்து கிடந்தது. பின்பக்க மேட்டில் ஏறிக் கூரைத் தகட்டு இடுக்கில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி ஒழுக வைத்தேன். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. துணைக்கு நிற்பது என்றுதான் அதற்குப் பேர்.

குழாயடியில் அவளைச் சுற்றிப் பெண்கள் நின்று 'பாவம் புள்ள' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு காலையில் என் வாய் தானாகத் திறந்தது.

"எனக்கும்தான். நான் சொல்லல, அவ்வளவுதான். தாங்க முடியாம இன்னைக்கு விடிஞ்சதுமே என் பக்கத்த மூடிட்டேன்."

பக்கத்தை மூடியது உண்மை. அன்று விடிந்ததும் மேட்டில் நின்று மூடினேன். நாற்பது பேருக்காக இனி பவுடர் போட முடியாது என்பதுதான் காரணம். பெண்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். 'ஐயோ உனக்குமா' என்றார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள்.

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்குமா மதினி? ஏன் எங்கிட்டச் சொல்லல? நான் எங்கதையே பெருசாப் பேசிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

அன்று மாலையே ஒரு முடிவோடு வந்தாள். கீழே டவுனில் இதற்கென்று போலீஸ் ஆபீஸ் இருக்கிறதாம், நேரில் போய்ப் பராதி, அதாவது புகார், கொடுக்கலாமாம். "ஒருத்தியாப் போனா யாரு கேப்பா? ரெண்டு பேருமாப் போவோம். நீங்களே எழுதிருங்க. பத்து நாள்ல அவருக்கு லீவு, வீட்ட அவரு பாத்துக்கிடுவாரு. அவனுகளப் பிடிச்சிட்டா அவரும் மூடச் சொல்ல மாட்டாரு." முகம் தெளிந்திருந்தது. இந்தப் பராதியும் பலிக்காவிட்டால் பக்கத்தை மூடுவதைத் தவிர அவளுக்கு வழியில்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்கு வந்த மெசேஜையும் காட்ட வேண்டும் என்றாள். அங்கேதான் இடித்தது. கூரை காய்ந்து கிடந்தது. வாளியைத் தூக்க வேண்டியதுதான்.

ஒரு பொய்ப் பெயரில் அக்கவுண்ட் தொடங்கினேன். படத்துக்கு ஒரு புலி வைத்தேன். மூடிய என் பக்கத்தை மறுபடி திறந்து, புலியாக நின்று எனக்கே எழுதினேன். 'உன் மூஞ்சிக்கு அறிவுரை ஒரு கேடா.' அனுப்பிவிட்டு என் பக்கத்துக்கு வந்து அதைப் படித்தபோது நிஜமாகவே எனக்குக் கோபம் வந்தது. யாருடா நீ என்று கேட்கத் தோன்றியது. இரண்டு மூன்று எழுதி, போன் திரையைப் படம் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்வது தப்பு, பொறாமை தனக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டது. இரண்டு பேருக்கும் ஒரே ஆள் தொந்தரவு கொடுத்தால்தானே பராதி பலமாக இருக்கும்? அவளுக்கும் அந்தப் புலி ஒரு வரி எழுதியிருக்க வேண்டுமே? எழுதினேன். கெட்ட வார்த்தை இல்லை. 'கேமரா இல்லாதபோது நீ வாயைப் பொத்தியா சிரிக்கிறாய்?'

அனுப்பிவிட்டு மேட்டிலிருந்து இறங்கும்போது சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. அவ்வளவு நாள் அவளிடம் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்ட சந்தோஷம்.

மறுநாள் நிரையில் அவள் முகம் வெளிறிக் கிடந்தது. போனை நீட்டினாள். நூறு கெட்ட வார்த்தையைத் தாண்டி வந்தவள், அந்த ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

"இவன் நம்மளப் பாத்தவன் மதினி. இந்தக் காட்டுலயே நிக்கான். தெனமும் என்னையப் பாக்கான்."

அன்றிலிருந்து அவள் சிரிக்கவில்லை. வீடியோவுக்கும் இல்லை, காட்டிலும் இல்லை. யாராவது ஏதாவது சொல்லிக் கூட்டமே சிரித்தால், சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வாள். மருந்தடிக்க வருகிற ஆண்களைப் பார்த்தால் நிரை மாறிப் போவாள். அவள்மேல் இரக்கப்பட்டு வீட்டுக்குச் சீக்கிரம் அனுப்பிய சூப்பர்வைசரையே சந்தேகப்பட்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். 'நான்தான்' என்று சொல்ல எனக்குப் பத்து நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் பக்கத்து நிரையில்தான் நின்றேன். சொல்லவில்லை. மனுவை மட்டும் அழகாக எழுதினேன்.

டவுனுக்குப் பஸ்ஸில் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த போலீஸ்காரி சின்ன வயசு. எங்கள் தமிழ் அவளுக்குப் புரிந்தது, அவள் மலையாளம் எங்களுக்குப் புரிந்தது. மனுவைப் பொறுமையாக முழுக்கப் படித்தாள். 'நன்னாயிட்டு எழுதியிட்டுண்டு' என்றாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. இவள் தன் போனைத் திறந்து வைத்தாள்.

"மேடம், மத்ததெல்லாம் பிறகு பாருங்க. முதல்ல இவனப் பாருங்க. இந்தப் புலிப் படம் வச்சிருக்கவன். மதினிக்கும் இவன்தான் எழுதியிருக்கான். இவன் எங்க எஸ்டேட்லதான் இருக்கான்."

போலீஸ்காரி என்னிடம் கை நீட்டினாள். "சேச்சியுடே ஃபோண் கூடி தரூ."

பிடித்து வைத்த படத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, என் பக்கத்தையே திறந்தாள். எங்கேயோ விரலை வைத்து அழுத்தினாள். அந்தப் போனில் இருக்கிற அக்கவுண்டெல்லாம் வரிசையாக வந்து நின்றன. முதலில் நான். எனக்குக் கீழே புலி. அதை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூரையில் ஊற்றின தண்ணீரை யார் துடைத்திருக்கிறார்கள்?

போலீஸ்காரி போனை மேசையில் எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சேச்சி, இது சேச்சியுடே ஃபோணில் தன்னெ உண்டல்லோ." புலி என் போனிலேயேதான் இருக்கிறது என்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளும் எட்டிப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். யாராவது என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

போலீஸ்காரி நியாயமாகத்தான் பேசினாள். இது வேறு, மற்றது வேறு. படத்தை வெட்டி ஒட்டினவனைக் கண்டிப்பாகத் தேடுவோம். ஆனால் இந்த வரியையும் பார்த்தாகிவிட்டது, பார்க்கவில்லை என்று எழுத முடியாது. பராதி என்று பதிவானால் இந்தச் சேச்சியின் பெயரும் அதில் வரும். யோசித்துச் சொல்லுங்கள் என்று அவளைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் யோசிக்கவில்லை. மனுவைத் திருப்பி எடுத்து, நான் எழுதின மடிப்பிலேயே மடித்தாள்.

"வேண்டாம் மேடம். நாங்க வாரோம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். மலை ஏற ஆரம்பித்தபோது கேட்டாள்.

"மதினி, என்னையத் திட்டுறதப் பாத்துமா உங்களுக்குப் பொறாம வந்துச்சு?"

"ஆமா."

"அதுல என்ன இருக்கு, பொறாமப்பட?" கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எல்லாரும் உன் வீட்டுக்கு வந்தாங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "வந்தாங்க. ஒருநாள் வந்தாங்க, போயிட்டாங்க. நீங்கதான் தெனமும் வந்தீக. நீங்க இருக்கீகன்னுதான் நான் மூடாம இருந்தேன்."

இன்னும் இரண்டு வளைவு போனால் ரேஞ்ச் போய்விடும். அவள் போனை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"மூடிருங்க. எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்கதான தொறந்து குடுத்தீக."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தினேன். உறுதியாகவா என்று கேட்டது, ஆமாம் என்று அழுத்தினேன். பிறகு ஒரு பட்டியல் வந்தது.

"என்ன கேக்குது?"

"எதுக்காக மூடுறீங்கன்னு கேக்குது. நேரமில்லயா, பிடிக்கலயா, யாராவது தொந்தரவு பண்ணுறாங்களா..."

"தொந்தரவுன்னே போடுங்க."

போட்டேன். வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பாமலே கேட்டாள்.

"யாருன்னு கேக்குதா?"

"இல்ல" என்றேன். "அது கேக்கல."